பல அறை ஸ்பீக்கர்களில் பாட்டு வெட்டுகிறதா? வைஃபை குறுக்கீட்டைத் தேடிப் பிடித்துச் சரிசெய்யும் வழி

ஹாலில் ஓடும் பாட்டு சமையலறையில் அரை நொடி நின்று மறுபடி தொடர்கிறது. மாடி அறை ஸ்பீக்கர் ஆப்பிலிருந்தே மறைந்துபோகிறது. இரண்டு அறைகளுக்கு நடுவே நின்றால் ஒரே வரி இரண்டு முறை கேட்கிறது. இப்படி ஆனதும் பெரும்பாலான வீடுகளில் முதலில் இணையத் திட்டத்தை 100 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 300-க்கு மாற்றுகிறார்கள். அதுவும் பலிக்காவிட்டால் ஒரு ரிப்பீட்டர் வாங்கிச் செருகுகிறார்கள். முதல் செலவு வீண். இரண்டாவது, பல வீடுகளில் கோளாறைக் கூட்டிவிடுகிறது.

பாட்டுக்கு வேகம் அவ்வளவு தேவையே இல்லை. சிடி தரம் என்பது நொடிக்கு 44,100 மாதிரிகள், மாதிரிக்கு 16 பிட், இடம் வலம் என இரண்டு தடங்கள். பெருக்கினால் 1.4 எம்பிபிஎஸ்தான் வரும். 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் தரத்தில் சுருக்காமல் அனுப்பினாலும் 9.2 எம்பிபிஎஸ் போதும். பாட்டு வெட்டுவதற்குக் காரணம் பாக்கெட்டுகள், அதாவது பாட்டைச் சுமந்துவரும் சிறு தரவுத் துண்டுகள், நேரத்துக்கு வந்து சேராதது. எல்லா அறையும் ஒரே கணத்தில் ஒலிக்க வேண்டும் என்பதால், தாமதமாக வந்த பாக்கெட்டை ஸ்பீக்கர் தூக்கி எறிந்துவிடும். திரைப்படம் பார்க்கும்போது அரை நிமிடப் படத்தை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்ள முடியும். டிவி ஒலியையோ, வெளிக் கருவியைக் கம்பியால் செருகும் லைன்-இன் ஒலியையோ அடுத்த அறைக்கு அனுப்பும்போது அந்த வசதி கிடையாது. பல அறை ஸ்பீக்கர் பிராண்டான சோனோஸில் லைன்-இன் தாமதத்தின் மிகக் குறைந்த அளவு 75 மில்லிநொடி. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் பலர் ஓட்டும் ஸ்னாப்காஸ்ட் மென்பொருளில் இயல்பான இடைவெளி 1,000 மில்லிநொடி. அந்த இடைவெளிக்குள் வராத பாக்கெட் வந்தும் பயனில்லை.

ஆகவே இங்கே தேட வேண்டியது, பாக்கெட்டைத் தாமதப்படுத்துவது எது என்பதைத்தான். சிக்னல் எட்டாமை, பக்கத்து வைஃபைகளோடு நெரிசல், வைஃபை அல்லாத கருவிகளின் இரைச்சல், ரேடியோவுக்கே தொடர்பில்லாத நெட்வொர்க் அமைப்புப் பிழை என நான்கு வகை உண்டு. நான்குக்கும் வைத்தியம் வேறு வேறு. எந்த வகை என்று தெரியாமல் எதையும் மாற்றாதீர்கள்.

முதலில் வெட்டும் நேரத்தைக் குறித்துவையுங்கள்

இரண்டு நாள் ஒரு தாளில் குறித்தால் போதும்: எந்த அறை, எத்தனை மணி, எவ்வளவு நேரம், அப்போது வீட்டில் வேறென்ன ஓடிக்கொண்டிருந்தது. இதிலேயே பாதி விடை கிடைத்துவிடும்.

எப்போதும் ஒரே அறை மட்டும் வெட்டினால் அது சிக்னல் எட்டாமை, அல்லது அந்த ஸ்பீக்கரின் பக்கத்தில் இருக்கும் ஏதோ ஒரு கருவி. இரவு 8 முதல் 11 மணி வரை எல்லா அறையும் திணறி, நள்ளிரவுக்குப் பின் சுத்தமாக ஓடினால் அக்கம்பக்க வைஃபை நெரிசல். சமையல் நேரத்தில் இரண்டு மூன்று நிமிடம் மட்டும் வெட்டினால் மைக்ரோவேவ் அவன். எல்லா ஸ்பீக்கரும் ஒரே நேரத்தில் ஒரு நிமிடம்போல மறைந்து, தாமாகவே திரும்பி வந்தால் ரூட்டர் தான் பேசும் அலைவரிசையை, அதாவது சேனலை, மாற்றியிருக்கிறது. கடிகாரம் வைத்தாற்போல 60 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சின்ன வெட்டு வந்தால் அது குறுக்கீடே அல்ல. பல ரூட்டர்கள் எல்லாக் கருவிகளும் பகிரும் வைஃபை மறையாக்கச் சாவியை (குரூப் கீ) 3,600 நொடிக்கு ஒருமுறை மாற்றுகின்றன. பழைய ஸ்பீக்கர் சில அந்த மாற்றத்தில் தடுமாறும். ரூட்டர் செட்டிங்ஸில் ‘குரூப் கீ’ இடைவெளியை 86,400 நொடிக்கு நீட்டினால் அந்த வெட்டு நாளுக்கு ஒருமுறையாகக் குறைந்துவிடும்.

‘ம்ம்ம்’ என்று ஓயாமல் கேட்கும் உறுமலுக்கும் வைஃபைக்கும் சம்பந்தம் இல்லை. அது எர்த் கோளாறு அல்லது அடாப்டர் கோளாறு. வைஃபை கெட்டால் டிஜிட்டல் ஒலி நிற்கும், துண்டாகும், தாளம் பிசகும். உறுமாது, கரகரக்காது.

இரட்டைக் குரலைப் பற்றியும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. ஹால் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றுகொண்டு 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டால், நெட்வொர்க் எவ்வளவு சரியாக இருந்தாலும் 29 மில்லிநொடி பிந்தித்தான் கேட்கும். அதை எந்த செட்டிங்ஸாலும் திருத்த முடியாது. இரண்டு ஸ்பீக்கருக்கும் சம தூரத்தில் நின்று கேளுங்கள். அங்கேயும் இரட்டித்தால்தான் ஒத்திசைவு கெட்டிருக்கிறது என்று பொருள்.

ரேடியோவைச் சந்தேகிக்கும் முன் கேபிளைச் செருகிப் பாருங்கள்

வெட்டும் ஸ்பீக்கரில் லேன் துளை இருந்தால், அதை ரூட்டர் பக்கம் கொண்டுபோய் கேபிளில் இணைத்து ஒரு மணிநேரம் ஓடவிடுங்கள். துளை இல்லாவிட்டால் ரூட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி வையுங்கள். அப்போதும் வெட்டினால் ஸ்பீக்கரோ, பாட்டுச் சேவையோ, நெட்வொர்க் அமைப்போ கெட்டிருக்கிறது. சேனலை எத்தனை முறை மாற்றினாலும் பயனில்லை.

அமைப்புப் பிழைகளில் நம் ஊர் வீடுகளில் அதிகம் அகப்படுவது இரட்டை ரூட்டர். ஃபைபர் நிறுவனம் வைத்த பெட்டியும் ஒரு ரூட்டர், நீங்கள் வாங்கி அதன் பின்னால் மாட்டியதும் ஒரு ரூட்டர். இரண்டும் தனித்தனி வைஃபை கொடுக்கும். ஃபோன் ஒன்றிலும் ஸ்பீக்கர் மற்றொன்றிலும் இருந்தால், ஒரு கருவியின் முகவரி 192.168.1 என்று தொடங்கும், மற்றது 192.168.0 என்று தொடங்கும். இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்காது. ஸ்பீக்கர் ‘மறைந்துவிட்டது’ என்ற புகார்களில் கணிசமானவை இதுதான். உங்கள் ரூட்டரை ‘ஆக்சஸ் பாயிண்ட் மோட்’ என்ற நிலைக்கு மாற்றுங்கள், அல்லது ஃபைபர் பெட்டியின் வைஃபையை அணைத்து எல்லாவற்றையும் ஒரே ரூட்டருக்குக் கீழ் கொண்டுவாருங்கள்.

விருந்தினர் வைஃபையில் ஸ்பீக்கரைச் சேர்த்திருந்தாலும் இதே கதிதான். அதில் கருவிகள் ஒன்றோடொன்று பேசத் தடை இருக்கும். சாதாரண வைஃபையிலும் இதே தடையைப் போடும் ‘ஏபி ஐசொலேஷன்’ என்ற தேர்வு தவறுதலாக ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

அளப்பதற்கு இரண்டு கருவிகள் போதும்

ஒன்று வைஃபை அனலைசர் ஆப். ஆண்ட்ராய்டில் இலவசமாகவே நிறைய உண்டு. ஐஃபோனில் ஆப்பிளின் ஏர்போர்ட் யூட்டிலிட்டி ஆப்பை நிறுவி, ஃபோன் செட்டிங்ஸில் அதற்கான வைஃபை ஸ்கேனரை ஆன் செய்தால் சிக்னல் அளவும் சேனலும் தெரியும். மேக் கணினியில் ஆப்ஷன் விசையை அழுத்தியபடி வைஃபை சின்னத்தைச் சொடுக்கினால் சிக்னலோடு இரைச்சல் அளவும் வரும்.

ஸ்பீக்கர் இருக்கும் அதே இடத்தில், அதே உயரத்தில் ஃபோனை வைத்துப் படியுங்கள். எண்கள் மைனஸில் இருக்கும், பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. மைனஸ் 50 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அலகு) அருமை. மைனஸ் 67 வரை பாட்டுக்குக் கவலையில்லை. மைனஸ் 70-க்குக் கீழே போனால் எப்போதாவது வெட்டும், மைனஸ் 80-ல் தினமும் வெட்டும். இந்த அளவு மட்டும் போதாது. சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் இடையே 25 டெசிபலாவது இருக்க வேண்டும். சிக்னல் மைனஸ் 55, இரைச்சல் மைனஸ் 70 என்றால் முழுக் கோடுகள் தெரிந்தும் பாட்டு வெட்டும்.

இந்த ஆப்களுக்கு ஒரு குறை உண்டு. அவை வைஃபை பெயர்களை மட்டுமே காட்டும். மைக்ரோவேவ், ப்ளூடூத், கம்பியில்லாத கேமரா போன்றவற்றின் இரைச்சல் அந்த வரைபடத்தில் விழாது. சேனல் காலியாகத் தெரிந்தும் பாட்டு வெட்டினால் இவற்றில் ஒன்றைச் சந்தேகியுங்கள்.

இரண்டாவது கருவி பிங், அதாவது ஒரு கருவிக்குச் சிறு செய்தி அனுப்பி, பதில் வர எத்தனை மில்லிநொடி ஆகிறது என்று அளக்கும் கட்டளை. ரூட்டரில் லேன் கேபிளால் இணைத்த கணினியிலிருந்து ஸ்பீக்கரின் ஐபி முகவரிக்குத் தொடர்ந்து 300 முறை பிங் ஓடவிடுங்கள். கணினியையும் வைஃபையில் வைத்து ஓட்டினால் எந்தப் பக்கத்துக் கோளாறு என்று பிரிக்க முடியாது. பாட்டு ஓடும்போதே சோதியுங்கள். சும்மா இருக்கும் ஸ்பீக்கர் மின்சாரம் மிச்சப்படுத்தத் தூங்கித் தூங்கி விழிக்கும், அப்போது 100 மில்லிநொடிக்கு மேல் காட்டினாலும் அது நோயல்ல. ஓடிக்கொண்டிருக்கும்போது 2 முதல் 10 மில்லிநொடி வந்தால் ஆரோக்கியம். சராசரி நன்றாக இருந்து, நடுநடுவே 200, 400 என்று குதித்தால் அதுதான் உங்கள் வெட்டு. சராசரியைப் பார்த்து ஏமாறாமல் அதிகபட்சத்தைப் பாருங்கள்.

நெரிசல்: சேனலைத் தேர்வது

2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையில் இந்தியாவில் 13 சேனல்கள் உண்டு. ஆனால் அவை 5 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டவை. ஒரு வைஃபையோ 20 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் அகலம் எடுக்கும். ஒன்றின் மேல் ஒன்று படாமல் இருப்பவை 1, 6, 11 மட்டுமே. ‘3-ம் சேனலில் யாருமே இல்லை’ என்று அதில் போய் உட்காருவது தவறு. ஒரே சேனலில் இருக்கும் இரண்டு ரூட்டர்கள் ஒன்றின் பேச்சை மற்றது புரிந்துகொண்டு முறைவைத்துப் பேசும். 3-ல் இருக்கும் ரூட்டருக்கு 1-ம் 6-ம் வெறும் சத்தமாகத்தான் கேட்கும். முறை வராது, மோதல்தான் வரும். மூன்றில் எதில் வலுவான அண்டை ரூட்டர்கள் குறைவோ அதை எடுங்கள். மைனஸ் 85-ல் தெரியும் பத்துப் பெயர்களைவிட மைனஸ் 50-ல் தெரியும் ஒரே பெயர் அதிகத் தொல்லை தரும்.

அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் என்று பூட்டுங்கள். ‘20/40 ஆட்டோ’ என்று விட்டால் அடுக்குமாடியில் பாதிப் பட்டையை ஒரே ரூட்டர் பிடிக்க முயன்று எல்லோரோடும் மோதும். சேனலையும் ‘ஆட்டோ’வில் விடாதீர்கள். ரூட்டர் தன் விருப்பத்துக்குச் சேனல் மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லா ஸ்பீக்கரும் அறுந்து மறுபடி ஒட்ட வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஸ்பீக்கர் என்றால் இன்னொரு கண்ணி இருக்கிறது. அமெரிக்காவில் விற்கப்பட்ட கருவிகள் பல 12, 13-ம் சேனல்களைப் பார்ப்பதே இல்லை. ரூட்டர் ஆட்டோவில் 13-க்குப் போன நாளில் அந்த ஒரு ஸ்பீக்கர் மட்டும் மாயமாகும். மற்றவை நன்றாக ஓடுவதால் ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று தூக்கிப்போடுவார்கள்.

5 ஜிகாஹெர்ட்ஸ் வசதியுள்ள ஸ்பீக்கரை அங்கேயே வையுங்கள். இந்தியாவில் 2018-ல் இந்தப் பட்டையின் பெரும்பகுதி உரிமமின்றிப் பயன்படுத்தத் திறந்துவிடப்பட்ட பிறகு இடம் தாராளம். மைக்ரோவேவும் ப்ளூடூத்தும் இங்கே எட்டிப்பார்ப்பதில்லை. சுவர் தாண்டும் பலம்தான் குறைவு. சேனல் 36 முதல் 48 வரையோ 149 முதல் 161 வரையோ எடுங்கள். 52 முதல் 144 வரையுள்ளவை ரேடார்களோடு பகிரப்படும் டிஎஃப்எஸ் சேனல்கள். ரேடார் கேட்டதாக ரூட்டர் நினைத்த மாத்திரத்தில், 10 நொடிக்குள் அந்தச் சேனலைக் காலிசெய்ய வேண்டும் என்பது விதி. இன்னொரு டிஎஃப்எஸ் சேனலுக்குப் போனால் பேசத் தொடங்கும் முன் குறைந்தது 60 நொடி காதுகொடுத்துக் கேட்க வேண்டும். மேலே சொன்ன ‘எல்லா ஸ்பீக்கரும் ஒரு நிமிடம் மறைந்தது’ இதனால்தான். அகலத்தை 160-க்கு வைத்தால் 36-ம் சேனலைத் தேர்ந்தாலும் அது டிஎஃப்எஸ் பகுதிக்குள் நீண்டுவிடும். பாட்டுக்கு 40 மெகாஹெர்ட்ஸ் தாராளம், 80-க்கு மேல் வேண்டவே வேண்டாம்.

இரண்டு பட்டைக்கும் ஒரே பெயர் கொடுக்கும் ‘ஸ்மார்ட் கனெக்ட்’ வசதியை அணைத்து, பட்டைக்கு ஒரு பெயராகப் பிரியுங்கள். நகராத ஸ்பீக்கரை ரூட்டர் அங்கும் இங்கும் தள்ளிக்கொண்டிருக்க எந்த அவசியமும் இல்லை.

தூர அறை எல்லா அறையையும் இழுக்கிறது

இதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. வைஃபையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். 1,500 பைட் பாக்கெட்டை 72 எம்பிபிஎஸ் இணைப்பில் அனுப்ப 0.17 மில்லிநொடி ஆகும். அதே பாக்கெட்டை, சிக்னல் மெலிந்து 6 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிய ஸ்பீக்கருக்கு அனுப்ப 2 மில்லிநொடி, அதாவது 12 மடங்கு காற்றுநேரம். அது தவறிப்போய் மறுபடி அனுப்பினால் இன்னும் கூடும். மாடி மூலையில் மைனஸ் 82-ல் முனகும் ஒரு ஸ்பீக்கர், ரூட்டருக்குப் பக்கத்திலேயே இருக்கும் ஹால் ஸ்பீக்கரையும் வெட்டவைக்கும். எல்லா அறையும் வெட்டுகிறதென்றால், மிக மெலிந்த சிக்னல் உள்ள ஸ்பீக்கரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு ஒரு மணிநேரம் கேளுங்கள். மற்றவை சரியாகிவிட்டால் குற்றவாளி கிடைத்துவிட்டது.

பாட்டு போகும் பாதையையும் எண்ணிப் பாருங்கள். சோனோஸ் குழுவில் ஒரு ஸ்பீக்கர் தலைமை ஏற்று, இணையத்திலிருந்து பாட்டை எடுத்து மற்றவற்றுக்குப் பகிர்கிறது. எல்லாம் ரூட்டர் வைஃபையில் இருந்தால் தலைமைக்கு வர ஒரு பயணம், பிறகு ஒவ்வொரு உறுப்பினருக்கும் ரூட்டர்வரை ஒன்று, அங்கிருந்து ஒன்று என இரண்டு பயணம். நான்கு ஸ்பீக்கர் குழுவில் மொத்தம் ஏழு. தலைமை மெலிந்த சிக்னலில் இருந்தால் இதில் நான்கு பயணம் அந்த மெலிந்த இணைப்பில்தான் நடக்கும். எந்த அறையில் முதலில் பாட்டைத் தொடங்கி மற்ற அறைகளைச் சேர்க்கிறீர்களோ அந்த அறைதான் தலைமை. ஆகவே கேபிளில் இருக்கும் ஸ்பீக்கரில் தொடங்குங்கள், அல்லது ரூட்டரை நன்றாகப் பார்க்கும் ஸ்பீக்கரில். ஒரு பைசா செலவில்லாத இந்த மாற்றம் பல வீடுகளில் சிக்கலைத் தீர்த்துவிடும்.

ஆப்பிளின் ஏர்ப்ளே முறையில் ஃபோனே பாட்டை அனுப்பும் நிலையில் ஃபோனின் சிக்னலும் கணக்கில் சேரும். ஃபோனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனால் கீழே ஹாலில் பாட்டு வெட்டும். ஸ்பாட்டிஃபை கனெக்ட் போன்ற முறையில் ஸ்பீக்கரே நேராக இணையத்திலிருந்து எடுக்கும், ஃபோன் வெறும் ரிமோட். வெட்டும் வீட்டில் இந்த முறையே மேல்.

இரைச்சல் எழுப்பும் கருவிகள்

மைக்ரோவேவ் அவனின் மேக்னெட்ரான் சுமார் 2.45 ஜிகாஹெர்ட்ஸில் இயங்குகிறது. 6 முதல் 11 வரையுள்ள சேனல்கள் பெரும்பாலும் அதிகம் அடிபடும், 1 ஓரளவு தப்பும். சோதிக்க, ஒரு கப் தண்ணீரை உள்ளே வைத்து இரண்டு நிமிடம் ஓட்டி, பிங்கைக் கவனியுங்கள். காலியாக ஓட்டாதீர்கள், அவன் கெட்டுவிடும். குதிப்பு தெரிந்தால் சமையலறை ஸ்பீக்கரை 5 ஜிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் சேனல் 1-க்குப் போய், அவனுக்கும் ஸ்பீக்கருக்கும் மூன்று மீட்டர் இடைவெளி விடுங்கள். அவன் கதவின் ரப்பரோ கீலோ தளர்ந்து கதவு சரியாகப் பொருந்தாமல் இருந்தால் அதைப் பழுதுபார்க்கும்வரை பயன்படுத்தாதீர்கள். அது பாட்டுக்காக மட்டும் சொல்வதல்ல.

யூஎஸ்பி 3 இரைச்சலைப் பலரும் அறிவதில்லை. யூஎஸ்பி 3 ஓடும் 5 ஜிபிபிஎஸ் வேகத்தின் மின்னிரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் பட்டையிலும் பரவுகிறது என்று இன்டெல் 2012-லேயே அளந்து வெளியிட்டது. பாட்டுகள் நிறைந்த ஹார்ட் டிஸ்க்கை ரூட்டரின் பின்னால் நேரடியாகச் செருகி வைத்திருந்தால், ஆன்டெனாவுக்கு ஒரு சாண் தூரத்திலேயே இரைச்சல் மூலம் இருக்கிறது. நல்ல கவசமுள்ள கேபிள் போட்டு டிஸ்க்கை ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். சில ரூட்டர்களில் அந்தத் துளையை யூஎஸ்பி 2 வேகத்துக்கு இறக்கும் தேர்வு இருக்கும். பாட்டுக்கு அந்த வேகம் போதும்.

ப்ளூடூத் 79 குறுகிய சேனல்களில் நொடிக்கு 1,600 முறை தாவித் தாவிப் பேசுவது. 2003-ல் வந்த 1.2 பதிப்பிலிருந்து வைஃபை இருக்கும் இடங்களைத் தவிர்த்துத் தாவக் கற்றுக்கொண்டது. ஆகவே ஒரு ஹெட்செட்டால் பெரிய தொல்லை வராது. ஃபோனிலிருந்து ப்ளூடூத்தில் ஒரு ஸ்பீக்கருக்கு அனுப்பி, அந்த ஸ்பீக்கர் 2.4 வைஃபையில் மற்ற அறைகளுக்குப் பகிர்வதுதான் திணறும், ஏனென்றால் அங்கே ஒரே பெட்டிக்குள் இரண்டும் ஒரே பட்டைக்குப் போட்டியிடுகின்றன. ஸ்மார்ட் பல்புகளின் ஜிக்பீ ஹப் இருந்தால் அதை ரூட்டரிலிருந்து ஒரு மீட்டராவது விலக்குங்கள். வைஃபை 1-ல் இருந்தால் ஜிக்பீயை அதன் 25-ம் சேனலுக்கும், வைஃபை 11-ல் இருந்தால் 15-ம் சேனலுக்கும் மாற்றுங்கள்.

பழைய கம்பியில்லா கேமரா, குழந்தை மானிட்டர், 2.4 ஜிகாஹெர்ட்ஸ் கார்டுலெஸ் ஃபோன் ஆகியவற்றில் சில ஓயாமல் ஒலிபரப்பும், யாருக்கும் முறை விடாது. ஒவ்வொன்றாக பிளக்கைப் பிடுங்கிப் பாருங்கள். வேறு சோதனை தேவையில்லை.

வைக்கும் இடம்

ஃபைபர்காரர் வாசற்படிக்கு மேலே, மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் ரூட்டரை அடித்துவிட்டுப் போயிருப்பார். வீட்டின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குச் சிக்னல் நான்கு செங்கல் சுவர் தாண்ட வேண்டியிருக்கும். ஃபைபரை நீட்டியோ லேன் கேபிள் இழுத்தோ ரூட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவாருங்கள். தரையிலிருந்து ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் உயரம் நல்லது.

கான்கிரீட் தளத்துக்குள் கம்பிவலை இருப்பதால் கீழ்த்தள ரூட்டர் மாடிக்கு நன்றாக எட்டாது. படிக்கட்டுத் திறப்பு வழியாகத்தான் பெரும்பகுதி ஏறும். இரும்பு பீரோ, ஆளுயரக் கண்ணாடி, ஃப்ரிட்ஜ், மீன்தொட்டி ஆகியவை ரூட்டருக்கும் ஸ்பீக்கருக்கும் நேர்கோட்டில் இருந்தால் ஸ்பீக்கரை அரை மீட்டர் பக்கவாட்டில் நகர்த்தி மறுபடி அளந்து பாருங்கள். சில நேரம் 10 டெசிபல் கூட மாறும், அது பத்து மடங்கு சக்தி. டிவிக்குப் பின்னால் ஒளித்துவைத்த ஸ்பீக்கரை வெளியே எடுங்கள். ரூட்டரோடு ஒட்டி வைப்பதும் கூடாது. ஒரு மீட்டராவது விடுங்கள்.

நகராத கருவிக்குக் கேபிள்

டிவி, சவுண்ட்பார், ஆம்ப்ளிஃபையர் என இடம் மாறாதவை அனைத்தையும் கேபிளில் போட்டுவிட்டால், மிச்சமிருக்கும் ஒன்றிரண்டு ஸ்பீக்கருக்குக் காற்று முழுவதும் கிடைக்கும். கேட் 6 கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும். கடையில் சுத்தச் செம்பு என்று கேட்டு வாங்குங்கள். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்ட மலிவுக் கேபிள் கிரிம்ப் செய்த இடத்தில் ஓராண்டில் தளர்ந்து, விட்டுவிட்டு இணையும். அதுவும் வைஃபை வெட்டுப்போலவே கேட்கும். 230 வோல்ட் ஒயர் போகும் அதே குழாயில் லேன் கேபிளை இழுக்காதீர்கள். தனிக் குழாயிலோ கேசிங் கேப்பிங்கிலோ போடுங்கள்.

சோனோஸ் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பழைய மாடல்களில் ஒன்றைக் கேபிளில் இணைத்தால் அவை தமக்குள் சோனோஸ்நெட் என்ற தனி வலை பின்னும். அது 2.4-ல் 1, 6, 11 சேனல்களில் ஒன்றை எடுக்கும். ரூட்டர் 1-ல் இருந்தால் சோனோஸ்நெட்டை 11-ல் வையுங்கள். எரா 100, எரா 300, மூவ், ரோம் இவை அந்த வலையில் சேராது, வீட்டு வைஃபையில்தான் இருக்கும். இரண்டு மூன்று ஸ்பீக்கரைக் கேபிளில் இணைத்தபின் வீட்டு இணையம் முழுவதும் உறைந்துபோனால், கேபிள் வழியும் காற்று வழியும் சேர்ந்து வளையமாகிவிட்டது. கேபிளில் உள்ள ஸ்பீக்கர்களின் வைஃபையை ஆப்பில் அணைத்தால் வளையம் அறும்.

சுவர் துளைக்க முடியாத வீட்டில் மெஷ், அதாவது ஒரே வலையாக இயங்கும் பல வைஃபை பெட்டிகள், போடலாம், ஆனால் மெஷ் பெட்டிகளுக்கு இடையில் கேபிள் இருந்தால்தான் முழுப் பயன். இல்லாவிட்டால் ஒவ்வொரு தாவலிலும் அதே காற்றை இரண்டாம் முறை செலவழிக்க வேண்டும். ஒற்றைப் பட்டை ரிப்பீட்டர் இதையே இன்னும் மோசமாகச் செய்யும். மெஷ்ஷில் ஸ்பீக்கர் பெட்டிக்குப் பெட்டி தாவாமல் இருக்க, அருகிலுள்ள பெட்டியோடு அதைக் கட்டிவைக்கும் தேர்வு சில ஆப்களில் உண்டு. இருந்தால் கட்டுங்கள்.

மின்கம்பி வழியாக நெட்வொர்க் அனுப்பும் பவர்லைன் அடாப்டர் வாங்கும் முன், த்ரீ ஃபேஸ் வீடா என்று பாருங்கள். ரூட்டர் அறையும் மாடி அறையும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் அது தள்ளாடும். ஒன்று இன்வெர்ட்டர் லைனிலும் மற்றது நேர் லைனிலும் இருந்தாலும் அப்படியே. எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகாமல் சுவர் பிளக்கில் நேராகச் செருகி, திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையோடு வாங்குங்கள்.

மாற்றியபின்

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, ஒவ்வொன்றுக்குப் பிறகும் 300 பிங்கின் அதிகபட்ச எண்ணைத் தாளில் எழுதுங்கள். மூன்றை ஒன்றாக மாற்றினால் எது வேலைசெய்தது என்று தெரியாமலே போகும். எல்லாம் முடிந்தபின் நெரிசல் உச்சத்தில் இருக்கும் இரவு 8 முதல் 10 மணி வரை எல்லா அறையையும் குழுவாக்கி ஓடவிட்டு, நடுவில் மைக்ரோவேவையும் ஒருமுறை போடுங்கள். பகல் 11 மணிக்குச் சோதித்துவிட்டுத் தீர்ந்தது என்று நம்ப வேண்டாம்.

ரூட்டரில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் நிலையான ஐபி முகவரி ஒதுக்கி, செட்டிங்ஸை பேக்கப் எடுத்துவையுங்கள். சேனல், அகலம், பெயர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி ரூட்டரின் அடியில் ஒட்டுங்கள். ஃபைபர் நிறுவனம் தொலைவிலிருந்தே பெட்டியை அப்டேட் செய்யும்போது சேனல் மறுபடி ஆட்டோவுக்கும், இரண்டு பெயர்கள் மறுபடி ஒன்றாகவும் மாறிவிடலாம். பல மாதம் நன்றாக ஓடிய பாட்டு திடீரென்று ஒருநாள் வெட்டத் தொடங்கினால், முதலில் அந்தத் தாளையும் ரூட்டர் செட்டிங்ஸையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.